டேலி ஆகாத பிரபஞ்சம்

என் அப்பா வங்கியில் கிளார்க்காக இருந்தார். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய வங்கி. தடிதடியான லெட்ஜர்கள், நீல இங்க், தலைக்கு மேல் கடகடக்கும் ஃபேன். ஜூன் 30, டிசம்பர் 31 என்று வருஷத்துக்கு இரண்டு தடவை அரையாண்டுக் கணக்கு முடிப்பார்கள். அன்றைக்கு அப்பா எப்போது வீட்டுக்கு வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மா தட்டை மூடி வைத்துவிட்டு வாசல்படியில் காத்திருப்பாள்.

அப்படி ஒரு டிசம்பர் 31. ராத்திரி பன்னிரண்டரைக்கு சைக்கிளைத் தூக்கி உள்ளே வைத்தபடி அப்பா சொன்னார். "டேலி ஆகலை. 63 பைசா உதைக்குது."

"63 பைசாதானே? உங்க பையிலேர்ந்து போட்டுட்டு வந்திருக்கலாமே" என்றாள் அம்மா.

"போடறது பெரிசில்லை. போட்டுட்டா, தப்பு எங்கே இருக்குன்னு கடைசி வரைக்கும் தெரியாமப் போயிடும்."

மறுநாள் கண்டுபிடித்துவிட்டார். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் எங்கேயோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது பழைய கணக்கர்களின் சூத்திரம். யாரோ 81 பைசாவை 18 என்று எழுதியிருந்தார்கள். வித்தியாசம் கிடைக்கவே இல்லை என்றால் அதைத் தள்ளி வைக்க வங்கிகளில் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு மூலை உண்டு. அப்பாவுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஆகாது.

இந்தக் குடும்பக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், பிரபஞ்சத்தின் வரவு செலவுக் கணக்கும் இப்படித்தான் ரொம்ப காலம் டேலி ஆகாமல் கிடந்தது. உதைத்தது பைசாக் கணக்கில் இல்லை. அணுக்களில் கணிசமான பங்கைக் காணோம்!

*

முதலில் ஒரு எச்சரிக்கை. 'டார்க் மேட்டர்' என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். நான் சொல்வது அதை அல்ல. பிரபஞ்சத்தில் சுமார் 5 சதவிகிதம்தான் நமக்குப் பழக்கமான சாதாரணப் பொருள். நீங்கள், நான், இந்தப் பத்திரிகைத் தாள், காப்பி டம்ளர், சூரியன் எல்லாம் அதில் அடக்கம். மற்ற 95 சதவிகிதம் என்ன என்பது புரியவில்லை. அது போகட்டும். புரிந்த 5 சதவிகிதத்திலேயே பாதிக்கு மேல் எங்கே என்று தெரியாமல் இருந்ததுதான் வெட்கக்கேடு.

மொத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? இரண்டு தனித்தனி சாட்சிகள். பெருவெடிப்புக்குப் பின் முதல் சில நிமிடங்களில் உருவான கன ஹைட்ரஜனின் அளவு ஒன்று. 3,80,000 வருஷம் கழித்துக் கிளம்பி இன்றும் வானம் முழுக்கப் பரவியிருக்கும் மைக்ரோவேவ் வெளிச்சத்தின் சுருக்கங்கள் இன்னொன்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இந்த இரண்டு சாட்சிகளும் ஏறக்குறைய ஒரே தொகையைச் சொல்கின்றன. ஆக, வரவுப் பக்கம் சந்தேகமில்லை.

இருப்பைப் பார்ப்போம். 1998-ல் ஃபுகுகீதா, ஹோகன், பீபிள்ஸ் என்ற மூவர் உட்கார்ந்து நம் அக்கம்பக்கப் பிரபஞ்சத்தின் அணுக்களை இனம் இனமாகக் கூட்டிப் பார்த்தார்கள். எல்லா காலக்ஸிகளிலும் உள்ள எல்லா நட்சத்திரங்களையும் சேர்த்தால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மற்ற வாயு வகைகளைச் சேர்த்தும் கணக்கு உதைத்தது.

அடுத்த வருஷமே சென், ஆஸ்ட்ரைக்கர் என்ற இருவர் கம்ப்யூட்டரில் ஒரு பிரபஞ்சத்தை வளர்த்துப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார்கள். காணாமல் போனது காலக்ஸிகளுக்கு உள்ளே இல்லை, நடுவே இருக்கிறது. காலக்ஸிகள் சிதறிக் கிடக்கவில்லை. சிலந்தி வலையின் முடிச்சுகள் போல இருக்கின்றன. முடிச்சுகளை இணைக்கும் நூலிழைகளில் வாயு இருக்கிறது. ஈர்ப்பினால் அந்த இழைகளுக்குள் விழும்போது மோதி, அதிர்ந்து, ஒரு லட்சம் முதல் ஒரு கோடி டிகிரி வரை சூடாகிவிட்டது என்றார்கள்.

ஒரு கோடி டிகிரி என்றதும் பயப்பட வேண்டாம். அங்கே போய்க் கையை நீட்டினால் சுடாது. வெப்பநிலை என்பது துகள்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்பதன் அளவு. ஓடுகிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். நீங்கள் இப்போது சுவாசிக்கும் காற்றில் ஒரு கன மீட்டரில் 25-க்குப் பின்னால் 24 சைபர் போட்ட அளவு மூலக்கூறுகள். அந்த இழைகளிலோ ஒரு கன மீட்டருக்குச் சில துகள்கள், மிஞ்சினால் சில பத்து. நம் ஊர் ஆய்வுக்கூடங்களில் செய்யும் வெற்றிடம் அதன் பக்கத்தில் தி.நகர் ரங்கநாதன் தெரு.

இவ்வளவு மெலிதான சமாசாரம் தானாக ஒளிர்ந்து நம் கண்ணில் படுவது ரொம்பக் கஷ்டம். பின்னே எப்படித்தான் பார்ப்பது?

*

போகிப் பண்டிகை விடியற்காலையில் தெருவில் நின்றிருக்கிறீர்களா? பக்கத்தில் உள்ள புகை தெரியாது. தூரத்தில் ஒரு பஸ் ஹெட்லைட் போட்டுக்கொண்டு வரும்போதுதான் நடுவே எவ்வளவு புகை என்பது புரியும். விண்வெளியில் அந்த ஹெட்லைட்டுக்குப் பெயர் குவாசார்.

1963-ல் கலிஃபோர்னியாவின் பலோமர் மலையில் இருந்த 200 அங்குல டெலஸ்கோப்பின் மூலம் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற 'நட்சத்திரத்தின்' நிறமாலையை எடுத்துப் பார்த்துக் குழம்பினார். கோடுகள் எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. திடீரென்று உறைத்தது: அவை நமக்குத் தெரிந்த ஹைட்ரஜன் கோடுகள்தான், 16 சதவிகிதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. அப்படியானால் அது நட்சத்திரமே இல்லை. 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருந்துகொண்டு, அத்தனை தூரத்திலிருந்தும் இவ்வளவு பிரகாசம். ஒரு காலக்ஸியின் நடுவே உள்ள ராட்சசக் கருந்துளைக்குள் பொருள் சுழன்று விழும்போது எழும் வெளிச்சம் அது என்று பிற்பாடு தெரிந்தது.

அந்த வெளிச்சம் கோடிக்கணக்கான வருஷங்கள் பயணம் செய்து நம்மிடம் வருவதற்குள் வழியில் எத்தனையோ வாயு மேகங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு மேகமும் தனக்குப் பிடித்த அலைநீளத்தில் கொஞ்சம் விழுங்கிவிடுகிறது. நிறமாலையில் அங்கே ஒரு கறுப்புக் கோடு விழும். பிரபஞ்சம் விரிவதால் தூரத்து மேகத்தின் கோடு அதிகமாகவும் பக்கத்து மேகத்தின் கோடு குறைவாகவும் நகர்ந்திருக்கும். அந்தக் காலத்தில் ஒரு கார்டு விலாசம் மாறி மாறி அலைந்து வந்தால் ஒவ்வொரு ஊர் போஸ்ட் ஆபீஸ் முத்திரையும் அதில் வரிசையாக இருக்குமே, அந்த மாதிரி. ஒரே ஒரு குவாசாரின் வெளிச்சத்தில் வழி நெடுக உள்ள மேகங்களின் முத்திரை.

1965-ல் ஜேம்ஸ் கன், புரூஸ் பீட்டர்சன் இருவரும் ஒரு எளிமையான கேள்வி கேட்டார்கள். காலக்ஸிகளுக்கு நடுவே ஹைட்ரஜன் இருந்தால் அது குவாசாரின் புற ஊதாவில் ஒரு பெரிய துண்டை முழுசாக மறைத்திருக்க வேண்டுமே, ஏன் வெளிச்சம் வந்துசேர்கிறது? ஒன்று, ஹைட்ரஜனே இல்லை. அல்லது, இருக்கிறது, ஆனால் தன் ஒரே எலக்ட்ரானையும் இழந்து அயனியாக இருக்கிறது. இரண்டாவதுதான் சரி.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். வெளிச்சத்தை விழுங்கிக் கோடு போடுவது எலக்ட்ரானின் வேலை. எலக்ட்ரான் போன ஹைட்ரஜன் வெறும் புரோட்டான். அது எந்தக் கோடும் போடாது, எந்தக் கையெழுத்தும் இல்லை. திருடன் கையுறை மாட்டிக்கொண்டு வந்த கதை.

ஆனால் திருடனோடு கூட வந்த ஒரு சின்னப் பையன் கையுறை போடவில்லை. அவன் பெயர் ஆக்சிஜன்.

ஆக்சிஜனிடம் 8 எலக்ட்ரான்கள். நட்சத்திரங்களுக்குள் சமைக்கப்பட்டு, அவை வெடிக்கும்போது வெளியே வீசப்பட்டு, காலக்ஸியையும் தாண்டிப் போயிருக்கிறது. அளவு ரொம்பக் கொஞ்சம். சூரியனிலேயே பத்தாயிரம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஐந்து ஆக்சிஜன்தான். அந்த வெளியில் அதைவிடக் குறைவு. ஆனாலும் சூட்டில் ஐந்து, ஆறு எலக்ட்ரான்களைப் பறிகொடுத்த பிறகும் அதனிடம் இரண்டு மூன்று மிச்சம் இருக்கும். அவை கோடு போடும். ஐந்தை இழந்த ஆக்சிஜன் புற ஊதாவில் 1032, 1038 ஆங்ஸ்ட்ராமில் ஒரு ஜோடிக் கோடு போடும். ஆறை இழந்தது எக்ஸ்ரேயில், 21.6 ஆங்ஸ்ட்ராமில். ஐந்து போயிருந்தால் சுமார் மூன்று லட்சம் டிகிரி, ஆறு போயிருந்தால் பத்து லட்சம் டிகிரி சமாசாரம். அதாவது கோடே தெர்மாமீட்டர்.

சூட்டில் அணு எவ்வளவு எலக்ட்ரானை இழக்கும் என்பதற்கு 1920-ல் சூத்திரம் தந்தவர் நம் மேக்நாத் சாஹா. டாக்கா பக்கத்துக் கிராமம் ஒன்றில் சின்னக் கடைக்காரரின் மகன். இந்த மெலிசான வாயுவுக்கு அவர் சூத்திரத்தை அப்படியே போட முடியாது. ஆனால் தூரத்து வெளிச்சத்தின் கோடுகளில் வெப்பத்தைப் படிக்கலாம் என்று வழி திறந்துவிட்டது கல்கத்தாக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அந்தக் கணக்குதான்.

*

புற ஊதாவை நம் காற்று மண்டலம் உள்ளே விடாது (அது நம் தோலுக்கு நல்லது, வானியலுக்குக் கெட்டது). ஆகவே மேலே போக வேண்டும். 1999 முதல் 2007 வரை 'ஃபியூஸ்' என்ற செயற்கைக்கோள் தேடியது. 2009 மே மாதம் அட்லாண்டிஸ் ஓடத்தில் போன விண்வெளி வீரர்கள் ஹபிள் டெலஸ்கோப்புக்குள் இதற்கென்றே ஒரு புதிய நிறமாலைக் கருவியைப் பொருத்திவிட்டு வந்தார்கள். ஆக்சிஜன் முத்திரைகள் நிறையக் கிடைத்தன.

அதிலும் ஒரு வில்லங்கம். ஐந்து எலக்ட்ரான்களை இழக்க மோதலின் சூடுதான் வேண்டும் என்பதில்லை. குவாசார்களின் கடும் கதிர்வீச்சு நெடுங்காலம் பட்டாலும், அவ்வளவு சூடில்லாத வாயுகூட அப்படி ஆகிவிடலாம். ஆக, இந்தக் கோடு சில இடத்தில் சூட்டைச் சொல்கிறது, சில இடத்தில் வெறும் வெயில் பட்டதைச் சொல்கிறது. எது எது என்பதில் இன்றும் சண்டை. போதாக்குறைக்கு, அதே மேகத்தில் மிச்சமிருக்கும் சொற்ப ஹைட்ரஜனின் கோட்டை ஒரு கணக்கிலும் ஆக்சிஜன் கோட்டை இன்னொரு கணக்கிலும் எழுதிவிட்டால் ஒரே தொகை இரண்டு லெட்ஜரில் ஏறிவிடும்! எல்லாவற்றையும் பார்த்துச் சலித்து 2012-ல் கூட்டியபோது இன்னும் சுமார் 30 சதவிகிதம் கிடைக்கவில்லை.

அவர்களும் கையிலிருந்து போட்டுக் கணக்கை முடித்திருக்கலாம். "அந்த 30 எக்ஸ்ரே பக்கம் எங்காவது இருக்கும், விடுங்கய்யா" என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? கோட்பாடும் அதைத்தான் சொன்னது. ஆனால் இருக்கிற இடம் தெரியாமல் எழுதினால் அதற்குப் பெயர் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்.

2015-லிருந்து 2017-க்குள் 1இஎஸ் 1553+113 என்ற ஒரே ஒரு குவாசாரை ஐரோப்பாவின் 'எக்ஸ்எம்எம் நியூட்டன்' எக்ஸ்ரே டெலஸ்கோப் மொத்தம் 18 நாள் உற்றுப் பார்த்தது. 2018 ஜூனில் இத்தாலியின் நிகாஸ்ட்ரோ குழு 'நேச்சர்' இதழில் அறிவித்தது. ஆறு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜனின் முத்திரை இரண்டு இடத்தில் தெரிகிறது, காணாமல் போனது கிடைத்துவிட்டது.

அப்பாவுக்கு அப்போது 84. காது மந்தம், புத்தி மந்தமில்லை. ஈஸிசேர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் உரக்கவே சொன்னேன். "அப்பா, பிரபஞ்சக் கணக்கு டேலி ஆயிடுச்சாம். இருபது வருஷமாத் தேடிக்கிட்டிருந்தாங்க."

முழுவதையும் கேட்டார். குவாசார், கறுப்புக் கோடு, ஆக்சிஜன் எல்லாம். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை குவாசாரைப் பார்த்தாங்க?"

"ஒண்ணுப்பா."

"ஒரே ஒரு வவுச்சரைப் பார்த்துட்டு மொத்தக் கிளைக்கும் கையெழுத்துப் போட்டா, ஆடிட்டர் விடுவானா?"

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. உலகமே கொண்டாடுகிறது, இவருக்கு ஆடிட்டர். "நீங்க அவங்களுக்கே எழுதிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அப்பா 2019 பொங்கல் கழிந்து காலமானார். அந்த வருஷமே இன்னொரு குழு, அந்தக் குவாசாரின் அக்கம்பக்கத்தில் என்னென்ன காலக்ஸிகள் இருக்கின்றன என்று அலசிவிட்டு ஒரு கட்டுரை எழுதியது. இரண்டு முத்திரைகளில் ஒன்று நடுவழியில் உள்ள இழையினுடையது அல்ல, அந்தக் குவாசாரே குடியிருக்கும் காலக்ஸிக் கூட்டத்தின் வாயுவாக இருக்கலாம் என்றார்கள். அதாவது வவுச்சரில் சிக்கல். படித்துவிட்டுக் காலியான ஈஸிசேரைப் பார்த்தேன். அந்த ராத்திரி ஸ்டூலிலிருந்து எழுந்திருக்காமல் இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது. இன்றும் தோன்றுகிறது.

*

விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. தூரத்துக் காலக்ஸிகளிலிருந்து ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டும் வந்து போகும் ரேடியோ வெடிப்புகள் உண்டு. வழியில் உள்ள ஒவ்வொரு எலக்ட்ரானும் அந்த அலைக்கு ஒரு குட்டி ஸ்பீட் பிரேக்கர். தாழ்ந்த அதிர்வெண் அதிகம் தாமதமாகும், உயர்ந்தது குறைவாக. இந்தத் தாமதத்தை அளந்தால் வழியில் மொத்தம் எத்தனை எலக்ட்ரான் என்று எண்ணிவிடலாம். ஹைட்ரஜன் கையுறை போட்டிருந்தாலும் கழற்றி எறிந்த எலக்ட்ரானை மறைக்க முடியவில்லை!

ஆஸ்திரேலியாவின் ஜான் பியேர் மக்கார்ட் குழு விரல்விட்டு எண்ணக்கூடிய வெடிப்புகளை வைத்து 2020 மே மாதம் முடிவைச் சொன்னது: அணுக்கள் எல்லாம் இருக்கின்றன. அது வெளிவந்து இரண்டே வாரத்தில், 45 வயதில் மக்கார்ட் இறந்துபோனார். 2025 ஜூனில் 69 வெடிப்புகளை அலசிய இன்னொரு குழு பிரிவும் கொடுத்தது. சாதாரணப் பொருளில் சுமார் 76 சதவிகிதம் காலக்ஸிகளுக்கு நடுவே, 15 சதவிகிதம் காலக்ஸிகளைச் சுற்றியுள்ள வாயுவில், மிச்சம்தான் நட்சத்திரங்களும் குளிர்ந்த வாயுவும்.

நாம் அண்ணாந்து பார்த்து 'பிரபஞ்சம்' என்று வியப்பதெல்லாம் அந்த மிச்சத்தைத்தான். முக்கால்வாசி, ஒன்றுமே இல்லை என்று நாம் நினைத்த இருட்டில் இருக்கிறது.

"அப்போ டேலிதானே?" என்று கேட்கிறீர்கள். மொத்தத் தொகை டேலி. ஆனால் ரேடியோ அலை எலக்ட்ரானை எண்ணுமே தவிர, அது எவ்வளவு சூடு, எந்த இழையில், எந்தத் தனிமத்தோடு இருந்தது என்று சொல்லாது. அதற்குத் திரும்பவும் குவாசார் வெளிச்சத்துக்கும் கறுப்புக் கோடுகளுக்கும்தான் போக வேண்டும். 21.6 ஆங்ஸ்ட்ராம் கோட்டை ஒன்றிரண்டு இடத்தில் அல்ல, நூற்றுக்கணக்கான குவாசார்களில் பார்க்கக்கூடிய எக்ஸ்ரே டெலஸ்கோப்புகள் வேண்டும். இன்னும் வேலை இருக்கிறது.

அப்பா இருந்திருந்தால் இந்தத் தடவை எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து 69 வெடிப்புக் கதையைச் சொல்லியிருப்பேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மொத்தம் சரி, லெட்ஜர் வாரியா எங்கே?" என்று கேட்டிருப்பார்.